பிந்தி வந்த பார்வைச் செய்தி

வாசகர்களே, இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நூலின் நுனியில் ஒரு சாவியைக் கட்டி, நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, அந்தச் சாவியை உங்கள் பார்வைக்குக் குறுக்கே இடமும் வலமுமாக ஊசலாட்டச் சொல்லுங்கள். சாவி ஒரே கோட்டில் போய் வருவது தெரியும். இப்போது வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை மட்டும் ஒரு கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். இரண்டு கண்களும் திறந்தே இருக்கட்டும். உங்கள் நண்பர் சாவியை முன்போலத்தான் ஆட்டுகிறார். உங்களுக்கோ அது ஒருபுறம் போகும்போது உங்களை நெருங்கி வருவதாகவும், மறுபுறம் திரும்பும்போது விலகிச் செல்வதாகவும், அதாவது நீள்வட்டத்தில் சுற்றுவதாகத் தோன்றும்!

இதற்குக் காரணம் என்ன? மங்கலான ஒளியில் விழித்திரை சற்று மெதுவாக வேலை செய்கிறது. கறுப்பு வில்லைக்குப் பின்னால் உள்ள கண், சாவி ஒரு கணம் முன்பு இருந்த இடத்தைத்தான் மூளைக்குத் தெரிவிக்கிறது. மற்றக் கண்ணோ, அதைவிடப் புதிய செய்தியைத் தருகிறது. இரண்டையும் ஒன்றாக்க முயலும் மூளை, இந்த நேர வேறுபாட்டைத் தூர வேறுபாடாகக் கணக்கிட்டுவிடுகிறது. 1922ஆம் ஆண்டில் கார்ல் புல்ஃபிரிச் என்னும் ஜெர்மானிய இயற்பியலறிஞர் இவ்விளைவை விளக்கி எழுதினார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டிருந்ததால், தம் பெயரைத் தாங்கிய இந்த விந்தையை அவரால் பார்க்க முடியாமற் போனது.

கறுப்புக் கண்ணாடி ஏதும் இல்லாமலே ஊசல் இப்படிச் சுற்றுவதாகக் காண்போரும் உண்டு. அவர்களுக்கு எப்போதோ ஒரு கண்ணில் பார்வை மங்கி, சில வாரங்களில் தெளிந்திருக்கும். கண் மருத்துவரின் எழுத்துப் பலகையில் கடைசி வரியைக்கூடப் படித்துவிடுவார்கள். ஆனாலும் அந்தக் கண்ணின் செய்தி மூளைக்குப் பிந்தியே போய்ச் சேர்கிறது. அந்தத் தாமதத்தை மருத்துவம் எவ்வாறு அளந்தது, அதனால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்பதே நாம் காணப்போகும் வரலாறு. நியூசிலாந்தில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் இயான் மக்டொனால்டின் ஆராய்ச்சி வாழ்க்கையும் அதுவே.

மூளைக்கு ஒரு சாளரம்

கைக்கும் காலுக்கும் செல்லும் நரம்புகளுக்கும் பார்வை நரம்புக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கரு வளரும்போது மூளையின் ஒரு பகுதியே முன்னோக்கி நீண்டு விழித்திரையாகவும் பார்வை நரம்பாகவும் உருவெடுக்கிறது. ஆகவே பார்வை நரம்பை மூளையின் ஓர் உறுப்பு என்றே கொள்ள வேண்டும். சுமார் 12 இலட்சம் நரம்பிழைகள் அதில் கயிறுபோல் சேர்ந்து செல்கின்றன.

1851ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அமைத்தார். உயிருள்ள மனிதனின் நரம்பு ஒன்றை, கத்தி படாமல் நேருக்கு நேர் பார்க்க அப்போதுதான் வழி பிறந்தது. இங்கிலாந்தில் கிளிஃபோர்டு ஆல்பட் 1871இலும், வில்லியம் கவர்ஸ் 1879இலும் நரம்பு நோய்களில் கண்ணின் உட்புறம் எப்படி மாறுகிறது என்று நூல்கள் எழுதினார்கள். கவர்ஸ் பணியாற்றிய இடம் இலண்டன் குவீன் ஸ்கொயரில் 1860இல் திறக்கப்பட்ட நரம்பு நோய் மருத்துவமனை ஆகும். இந்த இடத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை மீண்டும் இங்கே வரும்.

இதற்கிடையில் பாரிசில் 1868ஆம் ஆண்டில் ஷார்கோ என்னும் மருத்துவ மேதை ஒரு நோயைத் தெளிவாக வரையறுத்தார். அந்நோயால் இறந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே கெட்டியான தழும்புகள் காணப்பட்டன. இதை இன்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறோம். 'பல இடத் தழும்பு நோய்' என்று பொருள் கொள்ளலாம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் இது தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. ஒருமுறை கால் மரத்துப்போகும்; பிறகு சரியாகும். சில ஆண்டு கழித்து நடை தள்ளாடும். பலருக்கு முதல் அறிகுறி கண்ணில்தான் தோன்றும். கண்ணை அசைத்தால் வலிக்கும். சில நாட்களில் அந்தக் கண்ணின் பார்வை மங்கும். நிறங்கள், குறிப்பாகச் சிவப்பு, வெளிறித் தெரியும். இதுவே பார்வை நரம்பு அழற்சி.

1890ஆம் ஆண்டில் ஊட்டாஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் இந்நோயாளிகளிடம் ஒரு வியப்பைக் கண்டார். உடலை வருத்தி நடந்தால் அவர்களின் பார்வை மங்குகிறது, ஓய்வெடுத்தால் தெளிகிறது! இது ஏன்? அன்று யாருக்கும் விடை தெரியவில்லை.

ஓர் உறையின் கதை

வில்லியம் இயான் மக்டொனால்டு 1933ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் பிறந்தார். டனிடின் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜான் எக்கில்ஸ் 1940களில் நரம்பின் மின்னோட்டத்தை ஆராய்ந்த இடம் அது. அவருக்குப் பின் வந்த ஆர்ச்சிபால்டு மக்கின்டயரிடம் மக்டொனால்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது. நரம்பிழையின்மேல் மையலின் என்னும் கொழுப்புறை உண்டு. மின்கம்பியின் மேலுள்ள ரப்பர் உறைபோல அது இழையைப் போர்த்தியிருக்கிறது. ஆனால் தொடர்ச்சியாக அல்ல. சிறுசிறு இடைவெளி விட்டுப் போர்த்தியிருக்கிறது. நரம்பின் மின்துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவிச் செல்வதால்தான் அவ்வளவு விரைவு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இந்த உறை அழிகிறது. இழை பெரும்பாலும் தப்பிப் பிழைக்கிறது. அப்படியானால், உறை போன இழையில் செய்தி எப்படிச் செல்லும்? செல்லுமா, செல்லாதா?

மக்டொனால்டு தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சைப் பயன்படுத்திப் பூனைகளின் நரம்புகளில் உறையை மட்டும் நீக்கினார். பிறகு மின்துடிப்பை அளந்தார். சில இழைகளில் துடிப்பு அடியோடு நின்றுபோனது. மற்றவற்றில் அது மெதுவாக ஊர்ந்து கடந்தது. இம்முடிவுகள் 1963ஆம் ஆண்டில் 'பிரெய்ன்' என்னும் நரம்பியல் இதழில் வெளியாயின.

ஆனால் இவை உடலின் புற நரம்புகள். மூளையிலும் தண்டுவடத்திலும் இதே விதி பொருந்துமா? 1960களில் இலண்டன் சென்று குவீன் ஸ்கொயரில் சேர்ந்த மக்டொனால்டு, டாம் சியர்சுடன் இணைந்து தண்டுவடத்தில் இதையே செய்து பார்த்தார். 1970ஆம் ஆண்டில் விடை வெளியாயிற்று. உறை போன சிறு பகுதியைக் கடக்கும்போது மட்டும் துடிப்பு தாமதிக்கிறது. அந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் வழக்கமான வேகத்தில் ஓடுகிறது. அடுத்தடுத்து வேகமாகத் துடிப்புகளை அனுப்பினால் உறையற்ற இழை களைத்துப்போய்ச் சிலவற்றை விட்டுவிடுகிறது. வேறு ஆய்வாளர்களின் சோதனைகளில் மற்றோர் உண்மையும் தெரிந்தது. இத்தகைய இழைகளைச் சற்றுச் சூடாக்கினாலே துடிப்பு தடைபடுகிறது. ஊட்டாஃப் கண்ட வியப்புக்கு இங்கே விளக்கம் கிடைத்தது. நடந்து உடல் சூடேறினால், தட்டுத்தடுமாறிக் கடந்துகொண்டிருந்த செய்தி நின்றுவிடுகிறது. உடல் குளிர்ந்ததும் மீண்டும் கடக்கிறது.

சதுரங்கக் கட்டங்கள்

பூனையின் தண்டுவடத்தில் மின்முனையைச் செருகி அளக்கலாம். மனிதனின் மூளையில் அப்படிச் செய்ய முடியுமா? இங்கேதான் கண் உதவிக்கு வந்தது. மக்டொனால்டு குவீன் ஸ்கொயரில் மட்டுமன்றி மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையிலும் நோயாளிகளைப் பார்த்து வந்தார். பார்வை நரம்பு அழற்சியோடு வருபவர்கள் அங்கே பலர். நரம்பியலாளர் ஒருவருக்கு இது நல்வாய்ப்பு எனலாம். உறை அழியும் இடம் இன்னதென்று தெரியும். அதன் ஒரு முனையில் ஒளியைக் காட்டலாம். மறுமுனையான பிடரிப்பக்க மூளையின் மின்னலையைத் தலைத்தோலின் மேலிருந்தே அளக்கலாம்.

குவீன் ஸ்கொயரில் மின்னலை ஆய்வில் வல்லவரான மார்ட்டின் ஹாலிடே, ஜோன் மஷின் ஆகியோருடன் மக்டொனால்டு சேர்ந்தார். நோயாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். திரையில் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். அவை அடிக்கடி இடம் மாறும். கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூளையின் பின்பகுதி ஒரு சிறு மின்னலையை எழுப்புகிறது. அது மிக நுண்ணியதாகையால் பலமுறை அளந்து, கணிப்பொறியால் சராசரி காண வேண்டும். நலமுள்ள கண்ணில், கட்டம் மாறிய சுமார் 100 மில்லி விநாடியில், அதாவது விநாடியில் பத்தில் ஒரு பங்கில், அந்த அலை உச்சத்தை அடையும்.

அழற்சி கண்ட கண்ணிலோ அது சராசரியாக 30 முதல் 40 மில்லி விநாடி பிந்தி வந்தது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பார்வை முழுதும் தெளிந்த பின்னரும் அந்தத் தாமதம் மறையவில்லை! பூனையின் இழையில் கண்டது மனிதனிலும் தெரிந்தது. துடிப்பு நின்றுபோவதால் பார்வை மங்குகிறது. வீக்கம் வடிந்ததும் துடிப்பு மீண்டும் கடக்கிறது; பார்வை திரும்புகிறது. ஆனால் உறை முன்போல் அமையாததால் வேகம் திரும்புவதில்லை. இந்த ஆய்வு 1972ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. நாம் தொடக்கத்தில் கண்ட ஊசல் சிலருக்கு ஏன் சுற்றுகிறது என்பதற்கும் இதுவே விடை.

அடுத்த ஆண்டே இம்மூவரும் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள 51 பேரைச் சோதித்ததில், இருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் அலை பிந்தியே வந்தது. அவர்களுள் கண்ணில் ஒரு குறையும் இருந்ததாக நினைவே இல்லாதவர்களும் இருந்தார்கள். நோயாளியே அறியாத காயத்தை அந்தக் கட்டங்கள் காட்டிக்கொடுத்தன.

பெயர் தெரியாத நோயின் துயரம்

இந்த 30, 40 மில்லி விநாடியால் யாருக்கு என்ன இலாபம் என்று நீங்கள் கேட்கலாம். சற்று எண்ணிப் பாருங்கள். 25 வயதுப் பெண் ஒருத்திக்குக் கால் மரத்துப்போகிறது. சோதித்தால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, இரத்தத்தில் ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் சரியாகிவிடுகிறது. ஓராண்டு கழித்து உடல் களைப்பு, தலைச்சுற்றல். 'மனக்கோளாறு', 'நடிப்பு' என்று வீட்டார் சொல்வார்கள். சில வேளைகளில் மருத்துவர்களும் அப்படியே எண்ணிவிடுவார்கள். அந்நாளைய விதிப்படி, நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் நோய் தாக்கியதற்குச் சான்று இருந்தாலொழிய நோயின் பெயரைச் சொல்ல முடியாது. அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. கண்ணில் அளந்த தாமதம், இரண்டாவது இடத்துக்கான சான்றாக நின்றது. 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நோயறி விதிகள் இச்சோதனையைச் சான்றாக ஏற்றுக்கொண்டன.

படம் பிடித்த காந்தம்

1980களில் மற்றொரு கருவி வந்தது. அதுவே காந்த ஒத்ததிர்வுப் படம், நாம் எம்.ஆர்.ஐ. என்று சொல்வது. 1981ஆம் ஆண்டில் இலண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 10 நோயாளிகளை ஆராய்ந்தபோது, சி.டி. ஸ்கேன் 19 தழும்புகளைக் காட்டியது. புதிய கருவியோ மேலும் 112 தழும்புகளைக் காட்டியது. இதன் பொருளை உடனே உணர்ந்தவர்களுள் மக்டொனால்டும் ஒருவர். பிரிட்டனின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் திரட்டிக்கொடுத்த நிதியில், இந்நோயின் ஆராய்ச்சிக்கென்றே ஒரு கருவி குவீன் ஸ்கொயருக்கு வந்தது. அந்த ஆய்வுக் குழுவை மக்டொனால்டு வழிநடத்தினார்.

முதல் முறையாகப் பார்வை நரம்பு அழற்சியோடு வந்தவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். கண்ணைத் தவிர வேறு எந்தத் தொல்லையும் சொல்லாத அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் மூளையில் ஏற்கெனவே தழும்புகள் இருந்தன. கண்ணில் தோன்றியது நோயின் முதல் குரலே தவிர, முதல் செயல் அன்று என்பது விளங்கிற்று.

இவ்வுண்மையின் எடையைப் பின்னர் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு அளந்து காட்டியது. பார்வை நரம்பு அழற்சி கண்டவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் மூளைப் படத்தில் தழும்பே இல்லாதவர்களில் 100க்கு 25 பேருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தது. ஒரு தழும்பாவது இருந்தவர்களில் 100க்கு 72 பேருக்கு வந்தது. 1993ஆம் ஆண்டில் இந்நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் இன்டர்ஃபெரான் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. மருந்தே இல்லாத நாளில் நோயின் பெயர் தாமதமாகத் தெரிந்தால் மனத்துயர் மிஞ்சும். மருந்து வந்தபின் தாமதித்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய நரம்பிழைகளும் போகும்.

எனவே 2000ஆம் ஆண்டில் பல நாட்டு வல்லுநர் குழு ஒன்று மக்டொனால்டின் தலைமையில் இலண்டனில் கூடியது. 2001ஆம் ஆண்டில் அக்குழு வெளியிட்ட விதிகளின்படி, இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சில மாத இடைவெளியில் எடுத்த படங்களில் புதிய தழும்பு தெரிந்தாலே போதும். 'மக்டொனால்டு விதிகள்' என்னும் பெயரால் உலகெங்கும் நரம்பியல் மருத்துவர்கள் இவற்றைப் பின்பற்றுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பார்வை நரம்பு அழற்சி வந்தவர்க்கெல்லாம் இந்நோய் வரும் என்று அஞ்சலாகாது. இதையொத்த, ஆனால் வேறு மருத்துவம் தேவைப்படும் நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை இனங்காட்டும் இரத்தச் சான்று 2004ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆகவே ஒரு கண்ணின் பார்வை சில நாட்களில் வலியோடு மங்கினால், தானே தெளியட்டும் என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் செல்வதே அறிவுடைமை.

பியானோ வாசித்த மருத்துவர்

மக்டொனால்டுக்கு இசையில் பெரும் ஈடுபாடு உண்டு. பியானோ நன்றாக வாசிப்பார். ஓய்வு பெற்ற பின் 2004ஆம் ஆண்டில் அவருடைய மூளையின் வலப்பாதியில் ஒரு சிறு இரத்தக்குழாய் அடைபட்டது. பியானோவின் முன் அமர்ந்தபோது, இசைக்குறிகள் எழுதிய தாள் அவர் கண்களுக்குத் தெரிந்தது. ஆனால் அதை வாசித்து இசையாக்க முடியவில்லை! கண்ணில் குறையில்லை, பார்வை நரம்பிலும் குறையில்லை. கண் கொண்டுவந்து கொடுத்ததற்குப் பொருள் காணும் இடத்தில்தான் குறை.

வாழ்நாள் முழுதும் பிறர் கண்வழியே மூளையை ஆராய்ந்தவர் இப்போது தம்மையே ஆராயத் தொடங்கினார். எது முடிகிறது, எது முடியவில்லை என்று குறித்துக்கொண்டார். விடாமல் பயின்றார். சிறிது சிறிதாகத் திறமை திரும்பிற்று. தம்முடைய நோயையும் அது நீங்கிய விதத்தையும் எழுதி, தாம் முன்னர் ஆசிரியராக இருந்த 'பிரெய்ன்' இதழிலேயே 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார். 43 ஆண்டுகளுக்கு முன் பூனையின் நரம்பைப் பற்றி அவர் எழுதியதும் அதே இதழில்தான். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

அவர் பெயர் தாங்கிய விதிகள் பின்னரும் பலமுறை திருத்தப்பட்டன. அவற்றில் ஒரு முரண்பாடு நெடுங்காலம் இருந்தது. நோயின் தழும்பைத் தேட வேண்டிய இடங்களாக மூளையில் மூன்று பகுதிகளும் தண்டுவடமும் குறிக்கப்பட்டிருந்தன. பார்வை நரம்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை! 2024ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான் அது ஐந்தாவது இடமாகச் சேர்க்கப்பட்டது. அங்கே நோய் தாக்கியதற்குச் சான்றாக ஏற்கப்படும் சோதனைகளுள் 1972இன் சதுரங்கக் கட்டங்களும் ஒன்று. பிந்தி வந்த செய்தியை அளந்தவரின் பெயர் தாங்கிய விதிகளுக்குள், அந்தச் செய்தியே சற்றுப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது.

வாசகர்களே, நூலில் கட்டிய சாவியை இன்னும் அவிழ்க்காமல் வைத்திருப்பீர்களானால், மீண்டும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். நீங்கள் காணும் அந்த நீள்வட்டத்தின் அகலம், கண்ணுக்கும் மூளைக்கும் இடையில் கழிந்த ஒரு சிறு நேரத்தின் அளவு.